இருபது அடிக் கோடு

திருச்சி டவர் என்னை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறது. நான் பதில் சொல்லவில்லை. நான்காம் முறை கூப்பிட்டபோது, வலப்பக்க இருக்கையில் இருந்த துணை விமானி என் தோளைத் தட்டினார்.

“கேப்டன், டவர் கூப்புடுறாங்க. எறங்கலாமான்னு கேட்டது நாமதான். அவுங்க சரின்னு சொல்லிட்டு நம்ம பதிலுக்கு ஒக்காந்திருக்காங்க.”

மதுரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். விராலிமலையைத் தாண்டியிருந்தோம். உயரம் இரண்டாயிரத்து ஐந்நூறு அடி, வானம் தெளிவு. பதில் சொல்லி இறக்கிவிட்டேன். அன்று மாலை நாட்குறிப்பில் இதை எழுதியபோது, முந்தைய பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். அந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.

டகோட்டா விமானத்தில் கேப்டனின் இருக்கை இடப்பக்கம். நான் ஹெட்போனை இடது காதில் மட்டும் மாட்டிக்கொள்வேன். வலது காது திறந்திருந்தால்தான் துணை விமானி சொல்வது கேட்கும். 1948இல் இரண்டே விமானங்கள் வைத்திருந்த ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். அந்தக் கம்பெனி பிறகு பெரிய ஒன்றோடு சேர்ந்துவிட்டது. பெயர்ப்பலகையும் தொப்பியின் சின்னமும் மாறின. என் இடது காதுக்கு வெளியே நாலடி தூரத்தில் ஓடிய எஞ்சின் மட்டும் பத்து வருடமாக மாறவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சென்னையில் மெடிக்கல் சோதனை உண்டு. அதில் காதுக்கான சோதனை மிக எளிமையானது. நாம் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஒரு காதைப் பஞ்சால் அடைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் இருபது அடி பின்னால் நின்று எண்களைக் கிசுகிசுப்பார். கேட்டதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த முறை வலது காதில் பத்துக்குப் பத்து. இடது காதில் பத்துக்கு நான்கு. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே, நான்கு வாரம் ஓய்வு எடுங்கள், சத்தத்திலிருந்து விலகி இருங்கள், மறுபடி பார்ப்போம் என்றார். அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு.

நான் வீடு வந்து சேர்ந்த மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மறுசோதனைக்கு முன்பே நானாக விருப்பம் தெரிவித்தால் திருச்சி நிலையத்தில் தரைப்பணி தரப்படும். எந்த விமானத்தில் எவ்வளவு பாரம், எத்தனை பேர், எவ்வளவு பெட்ரோல் என்று கணக்கிட்டு அனுப்பும் வேலை. சோதனையில் தோற்றுவிட்டு வந்தால் அந்த இடம் இருக்கும் என்று உறுதி கூற முடியாது. விடுப்பின் பதினேழாம் நாளுக்குள் பதில் நிலைய மேனேஜர் கையில் சேர வேண்டும். அவ்வளவுதான் கடிதம். பறப்பதா, இறங்குவதா என்பதை என் இடது காது பதினேழு நாளில் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் அப்போது புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குத் தெற்கே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் தகப்பனார் ஆவூர்ப் பக்கம் மிஷன் பள்ளி ஆசிரியர். மனைவியும் அதே பக்கத்து ஆசிரியர் குடும்பம். மகள்கள் இருவரும் திருச்சியில் கன்னியர் மடத்து விடுதியில் படித்தார்கள். ஆகவே வீட்டில் நானும் அவளும் மட்டும். கல்யாணமானதிலிருந்து நான் தொடர்ச்சியாக ஐந்து நாள் வீட்டில் இருந்ததில்லை. எங்கே கால் வைப்பது, எங்கே உட்காருவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து கூடத்தில் நடப்பேன். எட்டு மணிக்குள் செய்வதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. அடுப்படி டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டினேன். சோறு வேகும் நேரத்தை மூன்று நாள் குறித்து சராசரி எடுத்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு வல்லத்திராக்கோட்டை வரை போவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஒரு கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்புவேன்.

பத்து நாற்பதுக்கு இலங்கைக்குப் போகும் விமானம் எங்கள் ஊரின் மேலே போகும். பத்தரைக்கே கொல்லையில் போய் நின்றுவிடுவேன்.

“ரெண்டு நிமிசம் லேட்டு” என்றேன் ஒருநாள்.

“லேட்டா வந்தா நீங்க என்ன செய்யப் போறீங்க? ஏணி வச்சு ஏறிக் கேக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி. துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். “வெயில்ல நிக்கிறதுதான் நிக்கிறீக, அந்தக் கொடிக் கயித்தக் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க.”

கட்டினேன். அதிலும் முடிச்சு சரியாக விழவில்லை என்று அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

காதைப் பழக்கலாம் என்று தோன்றியது ஐந்தாம் நாள். அடுத்த வீட்டுக்காரர் நில அளவைத் துறையில் சர்வேயர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எதற்கெடுத்தாலும் ஒரு கேலி வைத்திருப்பார். அவரிடம் அளவு நாடாவை வாங்கி வந்தேன். எங்கள் வீடு நீளவாக்கில் கட்டியது. தெருக்கதவிலிருந்து கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோடு. நான் கொல்லைக் கதவைப் பார்த்து நிற்கும் இடத்தில் ஒரு கோடு. அங்கிருந்து இருபது அடி அளந்து, தெருக்கதவுக்கு அருகே ஒரு கோடு. இரண்டையும் சுண்ணாம்புக் கட்டியால் போட்டேன். வலது காதில் பஞ்சு. அதன்மேல் விரல். மனைவி பின்கோட்டில் நின்று, சோதனையில் சொல்வதுபோலவே, இங்கிலீஷ் எண்களைக் கிசுகிசுக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து எண். காலை ஆறரைக்கு, மாலை ஐந்துக்கு.

“ரகசியமாப் பேசுறதுக்கு இந்த வீட்டுல என்னதான் இருக்குன்னு நெனச்சேன். இப்படி ஒண்ணு வந்துருச்சு” என்றாள். ஆனால் ஒழுங்காகச் செய்தாள்.

முதல் நாள் மூன்று. மறுநாள் நான்கு. அவளுடைய அம்மா சொல்லி அனுப்பியபடி நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி, வெதுவெதுப்பாகக் காதில் இரண்டு சொட்டு விட்டாள். அதற்கடுத்த நாள் ஐந்து. எண்ணெயில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் எண்களில் உண்டு. நாட்குறிப்பில் கட்டம் போட்டு எழுதினேன்: தேதி, நேரம், காற்று உண்டா, தெருவில் வண்டிச் சத்தம் உண்டா, சரியாகக் கேட்டவை எத்தனை. ஒன்பதாம் நாள் ஆறு. பதினொன்றாம் நாள் ஏழு. பதின்மூன்றாம் நாள் காலை எட்டு, மாலை எட்டு. பதினான்காம் நாள் ஒன்பது.

அன்றிலிருந்து காலையில் நான் நடக்கவில்லை. விடிந்த பிறகுதான் எழுந்தேன்.

பதினைந்தாம் நாள் காலையிலும் ஒன்பது வந்தது. உட்கார்ந்து கம்பெனிக்குப் பதில் எழுதினேன். தரைப்பணிக்கான தங்கள் அன்பான யோசனைக்கு நன்றி, மறுசோதனைக்குப் போகவே விரும்புகிறேன், என் செவித்திறன் திருப்தியாக முன்னேறியுள்ளது என்று எழுதினேன். மூன்றரை மணிக்குத் தபால் பெட்டியில் போட்டேன். அன்றைய கட்டை நாலு மணிக்கு எடுப்பார்கள். நாளைக் காலை பஸ்ஸில் போய், நாளை மறுநாள் மேனேஜர் மேஜைக்கு வந்துவிடும். அதுதான் பதினேழாம் நாள். கணக்கு சரியாக இருந்தது.

ஐந்து மணிச் சோதனையையும் முடித்தோம். மறுபடி ஒன்பது. மனைவி அடுப்படிக்குப் போனாள். நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். சர்வேயர் அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நாடா வேல முடிஞ்சுதா சார்?”

“முடிஞ்சுது. இருபது அடியில ஒன்பது கேக்குது.”

அவர் சிரித்தார். “இருபதா? சார், நானும் இருபத்தேழு வருசமா எல்லைக்கல்லு நகர்றதப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இலுப்பூர்ப் பக்கம் நகந்துருக்கு, அறந்தாங்கிப் பக்கம் நகந்துருக்கு. வீட்டுக்குள்ள நகந்து இப்பத்தான் பாக்குறேன்.”

எனக்கு விளங்கவில்லை. அதை முகத்தில் கண்டவுடன் அவர் சிரிப்பை நிறுத்தினார்.

“சார், ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் செய்யிறீங்கன்னு நெனச்சேன். காலையில பாலு வாங்கப் போறப்ப தெருக்கதவு தெறந்துதான் கெடக்கு. தங்கச்சி கோட்டுல நிக்கலையே. பாதி தூரம் உள்ள வந்துல்ல நிக்கிது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வந்துச்சு. மொதல்ல ஓரடி, அப்புறம் ரெண்டடி. இன்னைக்கு எம்புட்டு இருக்கும், ஒம்பதடி, பத்தடி.” கண்ணாலேயே அளந்து பழகியவர். அரை அடிகூடத் தவறாது.

நாடாவை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். பாதி வழியில் திரும்பிப் போய் மறுபடி வாங்கிக்கொண்டேன்.

அடுப்படி வாசலில் நின்றேன். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் கையில் நாடாவைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“எந்த நாளிலிருந்து?” என்று கேட்டேன்.

“கோடு போட்ட மூணாவது நாளு.”

“மூணாவது நாளில் எத்தனை அடி?”

“ஒரு அடி. நீங்க நாலுன்னு எழுதிட்டு அந்த நோட்டையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அன்னைக்கிச் சோறே திங்கல.” வெங்காயத் தோலை ஒதுக்கினாள். “ஒரு அடிதானன்னு நெனச்சேன். அஞ்சு வந்துச்சு. நீங்க ரெண்டு தோசை கூடத் தின்னீங்க.”

“அதற்காக? என் பின்னால் இருபத்தெட்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், தெரியுமா உனக்கு? டவர் சொல்வது எனக்குக் கேட்காவிட்டால் அந்த இருபத்தெட்டு பேரும்...”

“எனக்கு அந்த இருபத்தெட்டுப் பேரத் தெரியாதுங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “விடியுமுன்ன எந்திரிச்சு அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குற ஒரு ஆளத்தான் எனக்குத் தெரியும். மாதாவே, இந்த ஆளுக்கு ஒரு ராத்திரித் தூக்கத்தக் குடுன்னு வேண்டிக்கிட்டேன். மாதா குடுக்கல. நான் ஒரு அடி எடுத்து வச்சேன்.”

“நான் தரையில் இருப்பதுதானே உனக்கு நல்லது? ஒவ்வொரு தடவை நான் கிளம்பும்போதும் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்காருவாயே.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாக. பதினஞ்சு நாளு தரையில வச்சுப் பாத்தாச்சுல்ல? மொளகா டப்பாவுல ‘மொளகா’ன்னு எழுதி ஒட்டுனா எனக்குத் தெரியாதா அது மொளகான்னு? நீங்க மேலயே இருங்க. நான் ஜெபமால சொல்லிக்கிறேன்.”

கோபம் அப்படியே இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், நாடாவை விரித்து இரண்டு கோடுகளுக்கும் நடுவே மறுபடி அளந்தேன். இருபது அடி சரியாகத்தான் இருந்தது. கோட்டில் பிழையில்லை. கோட்டில் நின்று சொல் என்றேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். சர்வேயர் தன் வீட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்.

பஞ்சை வைத்து, முதுகைக் காட்டி நின்றேன். நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்து, “சொல்லு” என்றேன்.

“நாலு சொல்லிட்டேன்” என்றாள் சாதாரணக் குரலில்.

பத்தில் மூன்று. எண்ணெயும் ஓய்வும் ஒரு எண்ணைக்கூடக் கூட்டவில்லை. பிறகு பத்தடியில் நிற்கச் சொன்னேன். ஒன்பது. ஆக என்னுடையது பத்தடிக் காது. பழைய கட்டங்களை அடிக்கவில்லை. அருகே சிவப்பு மையில் இன்னொரு பத்தி வரைந்து, ஒவ்வொரு நாளும் அவள் எத்தனை அடியில் நின்றாள் என்று கேட்டு எழுதினேன். அவளுக்கு எல்லா நாளும் நினைவில் இருந்தது. ஓரடி, ஓரடி, இரண்டடி என்று கணக்குப் பிள்ளைபோல ஒப்பித்தாள்.

அன்று இன்னொரு கடிதம் எழுதினேன். தரைப்பணிக்குச் சம்மதிக்கிறேன், முந்தைய கடிதத்தைத் தள்ளுபடி செய்யவும் என்று. அன்றைய கட்டு போய்விட்டது, இனித் தபாலில் போட்டால் பதினெட்டாம் நாள்தான் போய்ச் சேரும். கையோடு கொண்டுபோக வேண்டும். ஆனால் கொண்டுபோவதென்று முடிவு செய்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. டாக்டர் அன்று எப்படிக் கிசுகிசுப்பார் என்று யாருக்குத் தெரியும்? சிலர் சற்று உரக்கவே சொல்வார்கள். என்னைவிட மோசமான காதோடு தேறியவர்களை எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினேன். மனைவி வாசலில் நின்று, “எந்த லெட்டரக் குடுக்கப் போறீங்க?” என்று கேட்டாள். “போய்ப் பார்க்கிறேன்” என்றேன்.

டிரைவருக்குப் பின்னால் தபால் பை கிடந்தது. வாயைக் கட்டி அரக்கு முத்திரை வைத்த கித்தான் பை. என் முதல் கடிதம் அதற்குள் இருந்தது. இரண்டாவது என் சட்டைப் பையில். நான் சீட்டில் இருப்புக் கொள்ளாமல் இரண்டு முறை இடம் மாறினேன்.

“என்னா சார், மூட்டப்பூச்சி கடிக்கிதா?” என்றார் கண்டக்டர். “இந்தப் பக்கம் ஒக்காருங்க, நேத்துத்தான் மருந்தடிச்சோம்.”

கீரனூர் வந்தது. தாண்டியது. விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால், திருச்சிக்குள் போவதற்கு முன்பே இறங்கிவிடலாம். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நின்றது. வேலிக்கு அப்பால் ஒரு டகோட்டா மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. பஸ் நகர்ந்தது.

“ஏரோடிராம்னுதான டிக்கெட்டு வாங்குனீங்க?” என்றார் கண்டக்டர்.

“ஜங்ஷன் வரைக்கும் கொடுங்கள்.”

திருச்சி ஜங்ஷனில் தபால் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பின்னாலேயே ஐம்பது அடி நடந்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. ஒரு ஓட்டலில் காபி வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஆள் பேசுவதைக் கவனித்தேன். அவர் என் இடப்பக்கம் உட்கார்ந்து சர்வரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உதடு அசைவது தெரிந்தது. சர்வர் சிரித்தார். ஓட்டல் இரைச்சலில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தால் கேட்டிருக்கும். திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். இதே பேச்சு ஆயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில், ஓடுபாதையில் வேறு விமானம் நிற்கிறது என்ற பேச்சாக இருந்தால்? காபிக்குக் காசு வைத்துவிட்டு எழுந்து, விமான நிலையம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன்.

நிலைய மேனேஜர் என்னைவிட நாலைந்து வயது பெரியவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். கடிதத்தைப் படித்தார். நாளை இன்னொன்று வரும், அதில் நேர்மாறாக எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன்.

“நாளைக்கு வர்ற ஆளு நீங்களா, இன்னைக்கு வந்த ஆளு நீங்களா? ஒருத்தருக்குத்தான் எங்கிட்ட நாற்காலி இருக்கு.”

“இன்று வந்தவன்.”

“நல்லா யோசிச்சுட்டீங்களா? திரும்ப மேல ஏத்திவிட என்னால முடியாது.”

“இருபது அடியில் மூன்றுதான் கேட்கிறது” என்றேன்.

அவர் பேனாவைத் திறந்து கடிதத்தின் மூலையில் சுருக்கமாக ஒரு கையெழுத்துப் போட்டார். அவ்வளவு நேரம்தான் ஆனது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி ஈரத்துணியைக் கொண்டுவந்து தரையில் இருந்த இரண்டு கோடுகளையும் துடைத்தாள். “நான் கோட்டுலயே நின்னுருந்தா மொத வாரத்துலயே முடிஞ்சிருக்கும், இல்லைங்களா?” என்றாள். இருக்கலாம் என்றேன். கோபம் அதற்குள் எங்கேயோ போயிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. இரண்டு நாள் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டாள்.

மறுசோதனைக்கு நான் போகவே இல்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எந்தக் கட்டத்திலும் எழுத முடியவில்லை. சில நாள் எனக்கு, தேறியிருப்பேன் என்று தோன்றும். அந்த நாட்கள்தான் கஷ்டமானவை.

வேலை எனக்குப் பொருந்தியது. பாரக் கணக்கில் பிழை விட்டதில்லை. பயணிகள், மூட்டைகள், பெட்ரோல், எது முன்னால், எது பின்னால். காகிதத்தை விமானத்துக்குள் எடுத்துப்போய் கேப்டனிடம் கையெழுத்து வாங்குவேன். அப்போது இடது இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் பல நாள் என்னுடைய பழைய துணை விமானியாகவே இருப்பார். கேப்டனாகி ஒரு வருடம் ஆகியிருந்தது.

“கணக்கு சரியா இருக்கா கேப்டன்?” என்று அவர் என்னைப் பழையபடியே அழைப்பார்.

“சரியாக இருக்கிறது. மேற்குக் காற்று இருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள்.”

இறங்கி வருவேன். ஏணியை எடுத்துவிடுவார்கள். நான் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நிற்பேன். டகோட்டா ஓடத் தொடங்கியதும் அதன் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். மேற்குக் காற்றில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். வலது காலால் மிதித்துப் பிடித்து நேராக்க வேண்டும். வால் தரையை விட்டுத் தூக்கும்வரை விடக் கூடாது.

“சார், காலு வலிக்கிதா?” என்று ஒருநாள் குமாஸ்தா கேட்டார். “தினமும் இந்த நேரத்துக்கு அந்த எடத்துலயே அழுத்துறீங்க. செமெண்டுத் தரை வேற.”

இல்லை என்றேன். வெளியே வால் இன்னும் தூக்கவில்லை. காலை எடுக்கவில்லை.